பழியெல்லாம் பாட்டரிக்கா?

இளைத்தவன் தலையில் மிளகாய் அரைப்பது நம்மிடையே வெகுநாளைய வழக்கம். வகுப்பறையில் சத்தம் எழுந்தால் கடைசி இருக்கைச் சிறுவன் எழுந்து நிற்க வேண்டும். கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் கடைப்பையன் விழிக்க வேண்டும். அதைப்போலவே, பழைய மோட்டார் வண்டி ஒன்று விடியற்காலையில் கிளம்ப மறுத்தால், "பாட்டரி போய்விட்டது" என்னும் தீர்ப்பு விசாரணையின்றியே வழங்கப்பட்டுவிடுகிறது. புதிய பாட்டரி வருகிறது. சில மாதங்கள் வண்டி ஓடுகிறது. மீண்டும் அதே கதை. குற்றவாளி யார் என்று எவரும் தேடுவதில்லை.

பம்மலில் ஒரு குடும்பத்தை நம் மனக்கண்முன் கொண்டுவருவோம். வீட்டுப் பெரியவர் எழுபத்தெட்டு வயதைக் கடந்தவர். இளமையில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டி இன்றும் அவர் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. அதில்தான் மனைவியை மகப்பேற்றுக்கு அழைத்துச் சென்றார். அதில்தான் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் போனார். இப்போது பேத்திக்குத் திருமணம். உயிர்ப்புப் பெருவிழா கழிந்த இரண்டாம் வாரம் நாள் குறித்தாயிற்று. மணமகளை அந்த வண்டியிலேயே ஆலயத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும் என்பது பெரியவரின் ஆசை.

மகனுக்கோ வண்டியின்மேல் நம்பிக்கை போய்விட்டது. ஓராண்டிற்குள் இரண்டு பாட்டரிகள் வாங்கியாகிவிட்டது. மூன்றாவதும் வாங்கவேண்டும் என்று கடைக்காரர் சொல்லுகிறார். "அப்பா, திருமண நாளன்று இது நடுவழியில் நின்றால் எல்லார் முன்னும் தலைகுனிவு. பழைய இரும்புக்குப் போட்டுவிடுவோம்" என்கிறார் மகன். பெரியவர் பதில் சொல்லவில்லை. ஒன்றை மட்டும், கேட்பவர் எவருமின்றி, அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தச் சிவப்பு விளக்கு முழுதும் அணைவதில்லை."

அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்குத் திரும்புவோம்.

நம் ஊர்க்காரனே ஹெரால்டு

பம்மலுக்கும் இந்த வண்டிக்கும் உள்ள உறவு அயலுறவன்று. பம்மலிலிருந்து பல்லாவரம் சென்று ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கு நோக்கித் திரும்பினால், குரோம்பேட்டையும் தாம்பரமும் கடந்து பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதி வரும். ஹெரால்டு வண்டிகளைச் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஹெரால்டு என்னும் பெயரில் வெளிவந்த வண்டி இது. இதன் உருவத்தை வரைந்தவர் ஜொவான்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். 1961-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரோடு அது சாலைக்கு வந்தது. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு விளங்கிய வண்டிக்கு, பெரிய குடும்பங்களுக்கு ஏற்றவாறு நான்கு கதவுகள் வைத்தது நம் நாட்டில்தான். எழுபதுகளில் 'கெஸல்' என்னும் வண்டியும், 1985-இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்னும் பெரிய வண்டியும் அதே நிறுவனத்திலிருந்து வந்தன. எண்பதுகளின் இறுதியில் உற்பத்தி நின்றுபோயிற்று.

தொழிற்சாலை போய்விட்டது, வண்டிகள் முற்றும் போய்விடவில்லை. தாம்பரம் வட்டாரத்தில் சில வீடுகளின் முற்றத்தில், துணிப் போர்வைக்குள், ஒரு ஹெரால்டோ, ஓர் அம்பாசடரோ, ஒரு பிரீமியர் பத்மினியோ உறங்கிக்கொண்டிருப்பதை இன்றும் காணலாம். பெரும்பாலான பழைய வண்டிகளில் மின்சாரம் உண்டாக்கும் முறை ஒன்றே. ஆகவே ஹெரால்டுக்குச் சொல்வதை, சிற்சில மாற்றங்களோடு, டைனமோ பூட்டிய மற்ற வண்டிகளுக்கும் கொள்ளலாம்.

இந்த மின்கருவிகளுக்கும் நம் பக்கத்திலேயே ஒரு பிறந்தகம் உண்டு. இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் நம் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து 1961-ஆம் ஆண்டு தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் சென்னைப் பாடியில் இருக்கிறது. ஆதியில் மிதிவண்டி விளக்குகளுக்குச் 'சாலையின் அரசன்' என்று பெயரிட்டு விற்ற பர்மிங்காம் நிறுவனந்தான் லூகாஸ். பிற்காலத்தில் இங்கிலாந்து நாட்டு வண்டிக்காரர்கள், நடுவழியில் விளக்கு அணைந்த எரிச்சலில், அதே நிறுவனத்திற்கு 'இருளின் இளவரசன்' என்று பட்டம் சூட்டிக் கேலி செய்தார்கள். கேலி சுவையானதுதான், ஆனால் முழு நியாயமானதன்று. நாற்பது ஐம்பது ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்த இணைப்பில் துரு ஏறினால், அதற்கு அதைச் செய்தவன் என்ன செய்வான்?

வரவும் செலவும்

வண்டியின் மின்சார ஏற்பாட்டைக் குடும்பத்தின் வரவு செலவுக்கு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும்.

டைனமோதான் சம்பாதிப்பவன். காந்தப் புலத்தில் கம்பிச்சுருள் சுழன்றால் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த உண்மையே இதற்கு அடிப்படை. எஞ்சின் சுழலும்போது ஃபேன் பெல்ட் டைனமோவைச் சுழற்றுகிறது. உள்ளே ஆர்மேச்சர் சுழல்கிறது. அதில் பிறக்கும் மின்சாரத்தைக் கார்பன் பிரஷ்கள் வெளியே எடுத்துவருகின்றன.

பாட்டரி என்பது சேமிப்பு உண்டியல். அது எதையும் சம்பாதிப்பதில்லை. போட்டதை வைத்திருந்து, கேட்கும்போது திருப்பித் தருவது மட்டுமே அதன் வேலை.

இவ்விரண்டுக்கும் இடையில் சிறு கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. 'கட்-அவுட்' என்றே பட்டறைகளில் அதற்குப் பெயர். உண்மையில் அதற்குள் இருவர் வேலை செய்கிறார்கள். ஒருவர் ரெகுலேட்டர்: டைனமோ மிகுதியாகச் சம்பாதித்து உண்டியலை உடைத்துவிடாதபடி, அழுத்தத்தை அளவோடு நிறுத்துபவர். மற்றவர்தான் உண்மையான கட்-அவுட்: டைனமோவின் அழுத்தம் 13 வோல்ட்டை ஒட்டி உயரும்போது கதவைத் திறந்து வரவை உள்ளே விடுபவர், எஞ்சின் நின்றதும் கதவைச் சாத்தி, பாட்டரியிலுள்ள பணம் டைனமோ வழியாகத் திரும்பிப் போய்விடாமல் காப்பவர்.

செலவு செய்பவர்கள் பலர்: விளக்குகள், ஹாரன், வைப்பர், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் காயில், எல்லாருக்கும் மேலாக, செல்ஃப் என்று நாம் அழைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார்.

இப்போது ஓர் எளிய கேள்வி. ஒரு வீட்டில் உண்டியல் அடிக்கடி காலியாகிறது. உடனே வேறு உண்டியல் வாங்குவோமா? வரவு நின்றுவிட்டதா, செலவு மிஞ்சிவிட்டதா, எங்கேனும் ஓட்டை இருக்கிறதா என்றுதானே முதலில் பார்ப்போம்? வண்டி விஷயத்தில் மட்டும் நாம் உண்டியலை மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

பாட்டரியும் உண்மையிலேயே கெட்டுப்போகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏன் கெட்டது? ஈயப் பாட்டரி வாரக்கணக்கில் அரை வயிற்றோடு இருந்தால், அதன் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டியாகப் படிந்து, பிறகு எவ்வளவு மின்சாரம் ஊட்டினாலும் ஏற்றுக்கொள்ளாத நிலைக்கு வந்துவிடும். அந்நிலையில் கடையில் சோதித்தால் "செத்துவிட்டது" என்பார்கள். அது மெய்யே. ஆனால் பாட்டரியின் சாவு நோயன்று, நோயின் விளைவு. நோய் வேறிடத்தில் இருக்கிறது. அதைத் தீர்க்காமல் புதிய பாட்டரி வைத்தால் அதுவும் அதே வழியில் போகும்.

சிவப்பு விளக்கின் மொழி

டாஷ்போர்டில் சாவியைத் திருப்பியவுடன் எரியும் சிறிய சிவப்பு விளக்கைப் பலர் 'எரியும், அணையும்' என்ற அளவிலேயே அறிவார்கள். அது ஒரு தராசு முள்ளைப் போன்றது. அதன் ஒரு முனை டைனமோவின் பக்கமும் மறுமுனை பாட்டரியின் பக்கமும் இணைந்திருக்கின்றன. இரு பக்கமும் அழுத்தம் சமமானால் அதன் வழியே மின்னோட்டம் இராது, விளக்கு அணைந்துவிடும். எந்தப் பக்கம் அழுத்தம் மிகுந்தாலும், வேறுபாட்டின் அளவுக்கு ஏற்ப அது எரியும்.

இதைக் கொண்டு அதன் மொழியைப் படிக்கலாம். சாவியைத் திருப்பியும் எரியவில்லையென்றால், பல்பு போயிருக்கலாம். அல்லது டைனமோவின் பிரஷ் சரியாகப் படியாமல் இருக்கலாம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது சற்று மினுக்கினால் குற்றமில்லை. அந்த வேகத்தில் டைனமோ ஏறக்குறைய ஒன்றும் சம்பாதிப்பதில்லை. வேகம் கூட்டியதும் முற்றிலும் அணைந்தால் நன்று. வேகம் கூட்டியும் பளிச்சென்று எரிந்தால் டைனமோ வேலை செய்யவில்லை, அல்லது பெல்ட் அறுந்துவிட்டது. பெல்ட் அறுந்திருந்தால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும். ஹெரால்டில் தண்ணீர்ப் பம்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது. ஓட்டிக்கொண்டே போனால் எஞ்சின் கொதித்துக் கெட்டுவிடும்.

வேகம் கூட்டிய பின்பும் மங்கலாக, பகலில் கண்ணுக்குத் தெரியாமல், இரவில் மட்டும் தெரியும்படி எரிந்தால்? அதைத்தான் பலர் அசட்டை செய்கிறார்கள். டைனமோ சம்பாதிக்கிறது, ஆனால் சம்பாதித்தது முழுமையாகப் பாட்டரிக்குப் போய்ச் சேரவில்லை, இடையில் ஏதோ தடை இருக்கிறது என்று விளக்கு சொல்லுகிறது.

வரிசையாகச் சோதிப்போம்

சோதனைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். எளிய வகை ஒன்று, புதுப் பாட்டரியின் விலையில் சிறு பகுதிக்கே கிடைக்கும். செலவில்லாத சோதனையை முதலிலும், கழற்ற வேண்டியதைக் கடைசியிலும் செய்வதே முறை.

முதலாவது, பாட்டரி. இரவு முழுதும் ஓய்ந்திருந்த பாட்டரியைக் காலையில் அளந்தால், முழு நிறைவு இருப்பின் 12.6 வோல்ட் அல்லது சற்று மிகுதியாகக் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய அரை நிறைவு. 12-க்குக் கீழே என்றால் பட்டினி. மூடி கழற்றக்கூடிய பாட்டரியானால் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளின் திராவகத்தையும் தனித்தனியே அளக்கலாம். ஆறும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால், பாட்டரிக்கு ஊட்டம் போதவில்லை என்று பொருள். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட மிகவும் தாழ்ந்திருந்தால், அப்போதுதான் பாட்டரியே குற்றவாளி.

இரண்டாவது, இணைப்புகள். பாட்டரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் உப்பு மின்சாரத்திற்குப் பகை. சட்டத்தோடு இணைந்த எர்த் கம்பியை முதலில் கழற்றி, பிறகு மற்றதைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உலரவைத்து, இறுக்கிப் பூட்டி, மேலே சிறிது வாசலின் தடவுங்கள். எர்த் கம்பி வண்டியின் உடலைத் தொடுமிடத்தில் பெயின்டோ துருவோ இருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பாட்டரி 12.6 வோல்ட் காட்டியும் செல்ஃப் "டிக்" என்று மட்டும் ஒலித்தால், பெரும்பாலும் குற்றம் இங்கேதான் இருக்கும்.

மூன்றாவது, ஃபேன் பெல்ட். நீளமான பகுதியின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை இறங்கவேண்டும். அதற்கு மேல் இறங்கினால் பெல்ட் வழுக்கும். அறவே இறங்காவிட்டால் டைனமோவின் பேரிங் தேயும்.

நான்காவது, ஊட்டம். எஞ்சினைக் கிளப்பி, நல்ல வேகத்தில் ஓடவிட்டு, பாட்டரியின் இரு முனைகளையும் அளவுங்கள். 13.5-க்கு மேல் 14.5-ஐ ஒட்டி நின்றால் வரவு சரி. 12.5-இலேயே அசையாமல் நின்றால் வரவு இல்லை. 15-ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால் மிகையூட்டம். பாட்டரித் தண்ணீர் விரைவில் வற்றுவதும், முட்டை அழுகினாற்போன்ற வாடை எழுவதும் அதன் அறிகுறிகள்.

ஐந்தாவது, டைனமோ. அதன் பின்புறம் 'டி' என்னும் பெரிய முனையும் 'எஃப்' என்னும் சிறிய முனையும் உண்டு. எஞ்சினை நிறுத்தி, இரு கம்பிகளையும் கழற்றி, டைனமோவின் இவ்விரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, அதற்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். எஞ்சினை மெதுவாகக் கிளப்பிச் சிறிது சிறிதாக வேகம் கூட்டினால், முள் தயங்காமல் ஏறவேண்டும். 20 வோல்ட்டுக்கு மேல் போகவிடவேண்டாம். நிமிடத்திற்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் எஞ்சினை ஓட்டவும் வேண்டாம். முள் அறவே அசையாவிட்டால் பிரஷ்களைப் பாருங்கள். தேய்ந்திருக்கும், அல்லது கூட்டில் சிக்கியிருக்கும். அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் மட்டும் காட்டினால் ஃபீல்டு காயிலில் ஐயம். நான்கைந்து வோல்ட்டில் நின்றுவிட்டால் ஆர்மேச்சரில் ஐயம். இவ்வளவில், டைனமோவைக் கழற்றாமலே நோயின் பெயர் தெரிந்துவிடும்.

ஆறாவது, கறுப்புப் பெட்டி. டைனமோ நலமாக இருந்தும் பாட்டரிக்கு ஊட்டம் வராவிட்டால், கம்பிகளைப் பழையபடி பூட்டி, பெட்டியிலுள்ள 'டி' முனையையும் 'ஏ' முனையையும் எர்த்தோடு சேர்த்துத் தனித்தனியே அளவுங்கள். எஞ்சின் வேகமாக ஓடும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். 'டி'-யில் மிகுந்தும் 'ஏ'-யில் குறைந்தும் இருந்தால், இடையிலுள்ள கட்-அவுட்டின் தொடுமுனைகள் கரிந்து மின்சாரத்தைத் தடுக்கின்றன என்று பொருள்.

ஏழாவது, இரவுக் கசிவு. ஊட்டமெல்லாம் சரியாக இருந்தும் காலையில் பாட்டரி இறங்கியிருந்தால் எங்கோ ஓட்டை. எல்லாவற்றையும் அணைத்துக் கதவுகளைச் சாத்தி, பாட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றி, அதற்கும் பாட்டரி முனைக்கும் இடையே ஒரு சிறு 12 வோல்ட் பல்பை வையுங்கள். பல்பு எரிந்தால் கசிவு உண்டு. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். பல்பு அணையுமிடத்தில் குற்றம் இருக்கிறது. எதைக் கழற்றியும் அணையாவிட்டால், கட்-அவுட்டின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாட்டரி இரவெல்லாம் டைனமோவுக்குள் வடிந்துகொண்டிருக்கக்கூடும். அதுபோன்ற வேளையில் பாட்டரிக் கம்பியைக் கழற்றியே வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

அன்றைய டைனமோவும் இன்றைய சாலையும்

எல்லாச் சோதனைகளிலும் தேறியும் சில வண்டிகளில் பாட்டரி இளைத்துக்கொண்டே போகும். அங்கே குற்றம் எந்தக் கருவியிலும் இல்லை. காலம் மாறியதில் இருக்கிறது.

கணக்குப் பார்ப்போம். முகப்பு விளக்கு இரண்டும் 45 வாட் என்றால் மொத்தம் 90 வாட்; 12 வோல்ட்டில் அது ஏழரை ஆம்பியர். பக்க விளக்கும் பின் விளக்கும் சேர்ந்து இரண்டு ஆம்பியர். காயிலுக்கு மூன்று அல்லது நான்கு. மழையானால் வைப்பருக்கு இரண்டு மூன்று. பிரேக்கை மிதித்து நின்றால் பின்புறச் சிவப்பு விளக்குகளுக்கு இன்னும் மூன்றரை. ஆக, மழைநாள் மாலையில் செலவு இருபது ஆம்பியரை நெருங்குகிறது. அக்காலத்து டைனமோ நல்ல வேகத்தில் தரக்கூடிய உச்சமும் ஏறத்தாழ இருபதுதான். எஞ்சின் மெதுவாக ஓடும்போதோ, வரவு சுழி.

ஹெரால்டு பிறந்த நாளில் பம்மலிலிருந்து தாம்பரம் போகும் வண்டி தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும். 2021-இல் பம்மலும் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்துவிட்ட இந்நாளில், மாலை நேரத்தில் பல்லாவரத்துச் சந்திப்பைக் கடப்பதற்குள் எத்தனை நிமிடங்கள் நிற்கிறோம்! அந்த நிமிடங்களிலெல்லாம் விளக்குகள் உண்டியலிலிருந்து எடுத்தே எரிகின்றன. செல்ஃப்தான் பாட்டரியைத் தின்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். செல்ஃப் இழுக்கும் மின்னோட்டம் பெரிதுதான். ஆனால் இரண்டு மூன்று நொடிதானே? சில நிமிட ஓட்டத்தில் அது ஈடாகிவிடும். விளக்கெரிய அரை மணி நேரம் நெரிசலில் நிற்பதே பெருஞ்செலவு.

இதற்கு மருந்து எளிது. மாதத்தில் ஒன்றிரண்டு முறை, காலையில் சாலை ஒழிந்திருக்கும் வேளையில், முக்கால் மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். அது இயலாதவர்கள் வீட்டிலேயே சிறு சார்ஜர் கொண்டு பாட்டரிக்கு ஊட்டம் கொடுங்கள். வண்டியை முற்றத்தில் நிறுத்தியவாறே ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைப்பதால் பயனில்லை. கிளப்பியதற்கான செலவே மிஞ்சும்.

சிலர் டைனமோவை எடுத்துவிட்டு, பிற்கால வண்டிகளில் உள்ள ஆல்டர்னேட்டரைப் பூட்டிக்கொள்கிறார்கள். அது எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் மின்சாரம் தரும். அன்றாடம் நெரிசலில் ஓட்டுபவர்களுக்கு நன்மையே. ஆனால் இரண்டை மறவாதீர்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனை சட்டத்தோடு இணைந்திருக்கும். அதைப் பாராமல் ஆல்டர்னேட்டரைப் பூட்டினால் அதன் டயோடுகள் நொடியில் எரிந்துவிடும். மேலும், மிகுதியான மின்னோட்டத்தைத் தாங்காத பழைய கம்பிகளையும் மாற்றவேண்டும். நோய் இன்னதென்று அறியாமல் ஆல்டர்னேட்டர் பூட்டுவது, மூன்றாவது பாட்டரி வாங்குவதற்கு உடன்பிறப்பு.

செய்யத் தகாதவை

எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்த்து, "நிற்காமல் ஓடுகிறது, டைனமோ நலம்" என்று சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து இதை அனுமதிக்காதீர்கள். பாட்டரி இல்லாத வேளையில் அழுத்தம் திடீரென்று ஏறிப் பல்புகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடலாம். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் கேடு இன்னும் பெரிது.

ஊட்டம் பெறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதன் அருகில் பீடியும் தீக்குச்சியும் கூடா. கைக்கடிகாரம், மோதிரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டே ஸ்பானரைத் தொடுங்கள். திராவகம் கண்ணில் பட்டால் நிறைய நீரால் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பெல்ட் ஓடும்போது வேட்டி நுனியும் துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் அருகில் வரலாகாது. பாட்டரிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. டைனமோவின் பின்புறப் பேரிங்கிற்குச் சில சொட்டு எண்ணெய் போதும். மிகுதியானால் உள்ளே வழிந்து பிரஷ்களைக் கெடுக்கும்.

பெரியவரின் சொல்

இனி, பம்மல் வீட்டிற்குத் திரும்புவோம்.

மூன்றாவது பாட்டரி வாங்குமுன், உறவினர் ஒருவர் வயது முதிர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வருகிறார். அவர் ஸ்பானரை எடுக்கவில்லை, முதலில் கேள்வி கேட்கிறார்: "இந்த வண்டியில் இரவு நேரத்தில் போனவர் யார்? சிவப்பு விளக்கு எப்படி எரிந்தது?"

மகன், "அணைந்துவிடும்" என்கிறார். திண்ணையிலிருந்து பெரியவர், "முழுதும் அணைவதில்லை. இரவில் பார்த்தால் மங்கலாகத் தெரியும். ஓராண்டாகச் சொல்லுகிறேன்" என்கிறார்.

வந்தவர் ஒரு கணம் நின்று, "ஐயா, நீங்கள் சொன்னதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது" என்கிறார். எஞ்சின் ஓடுகிறது. பாட்டரியில் 12.5 வோல்ட். கறுப்புப் பெட்டியின் 'டி' முனையில் 15.5. சம்பாதிப்பவன் குறைவின்றிச் சம்பாதித்துக்கொண்டிருக்கிறான். கதவருகே பணம் தேங்கி நிற்கிறது. ரெகுலேட்டரோ டைனமோப் பக்கத்தை மட்டும் பார்த்து, 'அழுத்தம் போதும்' என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. பாட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தால், கட்-அவுட்டின் தொடுமுனைகள் கரிபிடித்துக் கிடக்கின்றன. அவர் மிக மெல்லிய கண்ணாடித் தாளை இடையில் நுழைத்து, இரண்டு மூன்று முறை இழுத்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கிறார். முரட்டு எமரித் தாளை அங்கே தொடவே கூடாது என்று மகனுக்குச் சொல்லியும் கொடுக்கிறார். மீண்டும் எஞ்சின் ஓடுகிறது. பாட்டரியில் 14.2. சிவப்பு விளக்கு, கையால் நிழல் செய்து பார்த்தாலும், அணைந்தே இருக்கிறது.

வாங்கிய பொருள் ஒன்றுமில்லை. அரை மணி நேர வேலைக்கு உரிய கூலி மட்டும்.

இது கற்பனைக் குடும்பந்தான். ஆயினும் கரிந்த கட்-அவுட் கற்பனையன்று. மங்கலாக எரியும் விளக்கும் கற்பனையன்று. ஓராண்டாகச் சொல்லியும் கேட்கப்படாத பெரியவர்கள் நம் இல்லங்களில் இல்லையென்று எவரும் சொல்ல மாட்டார்கள். அந்த மகன் தீயவர் அல்லர். பணத்தையும் குறைவின்றிச் செலவிட்டார். கேட்பதற்கு மட்டும் நேரம் ஒதுக்கவில்லை. இரண்டு பாட்டரிகளின் விலையைவிட, நாள்தோறும் அந்த வண்டியில் அமர்ந்தவரின் ஒரு சொல்லுக்கு மதிப்பு மிகுதியாக இருந்தது.

ஆகவே, அன்பர்களே, உங்கள் முற்றத்திலும் ஒரு பழைய வண்டி நின்றால், அடுத்த முறை அது கிளம்ப மறுக்கும் காலையில் கடைக்கு ஓடாதீர்கள். இரவு வந்ததும் எஞ்சினைக் கிளப்பி, சிறிது வேகம் கூட்டி, அந்தச் சிவப்பு விளக்கை உற்றுப் பாருங்கள். பக்கத்தில் உங்கள் தந்தையார் இருந்தால், அவருக்கு என்ன தெரிகிறது என்றும் கேளுங்கள். திருமண நாளன்று மணமகளோடு முன்னிருக்கையில் அமர்ந்து போக வேண்டியவர் அவரல்லவா?